பனிக்கட்டிக்கு அடியில் ஒரு ரூபாய்

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூர் அல்சூரில் என் தகப்பனார் தொடங்கிய கிளினிக்குக்கு இந்த ஆண்டோடு ஐம்பது நிறைகிறது. விழா மலர் போடுகிறார்கள். மலருக்குப் பொறுப்பு என் அண்ணாவின் பேரன் சுஹாஸ். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வாய் நிறைய ஆங்கிலம். "சின்ன தாத்தா, நீங்க ரெண்டு பக்கம் எழுதணும். ஆனா அந்த ஃப்ரிட்ஜ் விஷயம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். ஃபேமிலி நேம்னு ஒண்ணு இருக்கு" என்றான்.

குடும்பப் பெயரைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்களுக்கு மானம் என்று ஒன்று இருக்குமானால், அது அந்த ஃப்ரிட்ஜ் விஷயத்தில்தான் இருக்கிறது.

2

தொடக்கங்கள்:

"அல்சூர் ஏரியின் மேல் விஜயதசமிக் காலையின் மெல்லிய பனி..." (அடித்துவிட்டேன். ஏரிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

"தடுப்பூசி என்பது மனித குலத்துக்கு..." (இதையும் அடித்துவிட்டேன். மைக் பிடிக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.)

"டாக்டர் அனந்தலக்ஷ்மி ஃப்ரிட்ஜிலிருந்து தயிர்ச் சட்டியை எடுத்து வெளியே வைத்தாள்."

இது நிற்கும்.

3

டாக்டர் அனந்தலக்ஷ்மி ஃப்ரிட்ஜிலிருந்து தயிர்ச் சட்டியை எடுத்து வெளியே வைத்தாள். ஆண்டு 1999. அவள் என் அண்ணா ஆராவமுதனின் மாட்டுப்பெண், குழந்தை மருத்துவர். என் தகப்பனாருக்குப் பிறகு அந்தக் கிளினிக்கின் நாற்காலியில் உட்காரும் தகுதி அவளுக்குத்தான் இருந்தது.

அந்த வாரம் மருத்துவர்களுக்கான கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். குழந்தைகளின் தடுப்பூசித் திட்டம் இனி மாறிக்கொண்டே இருக்கும் என்றார்களாம். சொட்டு மருந்து ஞாயிறுகள் கூடும், புதிய ஊசிகள் வரும், வந்த பிறகு விழிக்கக் கூடாது என்றார்களாம். மற்ற டாக்டர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். கிளினிக் எங்கள் வீட்டின் முன்கட்டில்தான், இரண்டுக்கும் ஒரே ஃப்ரிட்ஜ். அனந்தலக்ஷ்மி வீட்டுக்கு வந்து அதைத் திறந்தாள். அதில் தடுப்பு மருந்துக்குப் பக்கத்தில் மல்லிகைப்பூவும் தோசை மாவும் இருந்தன.

"இனிமே இதுல மருந்து மட்டுந்தான்" என்றாள்.

"மாவு உன் மருந்தை என்ன பண்ணித்து?" என்றார் ஆராவமுதன்.

"ஒண்ணும் பண்ணலை. ஆனா மாவை எடுக்கறவா கதவை எத்தனை தடவை திறக்கறா? மருந்து குளிர்லயே இருக்கணும், அப்பா. சூடு பட்டா செத்துப் போகும். பார்த்தா தெரியாது. அதுதான் வம்பு."

வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டாள். அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஃப்ரீஸர் என்கிற மேல்தட்டில் உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாள். கரெண்ட் வெகுநேரம் போனால் பனி உருகும், காசு மூழ்கும். திரும்ப உறைந்தாலும் காசு அடியிலேயே கிடக்கும். யாரும் இல்லாத நேரத்தில் நடந்ததை அது சொல்லிவிடும்.

நர்ஸ் டோரதிக்கு இதை விளக்கினாள். மாமனாருக்கு விளக்கவில்லை. அவர் அதை ஏதோ பெருமாளுக்கு முடிந்து வைத்த காசு என்று நினைத்துத் தொடாமல் விட்டார்.

4

இங்கே நான் நின்றுவிட்டேன். ஆராவமுதனை எப்படி எழுதுவது?

முதல் பிரதியில் அவரை நகைச்சுவைப் பாத்திரமாக எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். மைசூர் அரசாங்கத்தில் தொடங்கி முப்பத்து மூன்று ஆண்டு உத்தியோகம் பார்த்து, ஒரு பைசா கைநீட்டாமல் வந்த மனிதர். மூடிய கழுத்துக் கோட்டு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்க வாசகருக்கு உரிமை உண்டு. ஆனால் நான் சிரிப்பு மூட்டித் தரமாட்டேன்.

(அனந்தலக்ஷ்மியிடம் இரண்டாம் பிரதியைப் படிக்கக் கொடுத்தேன். அடுத்த பகுதியில் "அவள் கண்கள் கலங்கின" என்று இருந்தது. பென்சிலால் சுழித்து, "சித்தப்பா, நான் அழவே இல்லை. கோவம்தான் வந்தது" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். திருத்திவிட்டேன்.)

5

ஆயுத பூஜையன்று அனந்தலக்ஷ்மி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். கிளினிக்கில் ஆராவமுதன் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்து வைத்தார். எடைத் தராசுக்குச் சந்தனம், ஊசி கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்குக் குங்குமம். அன்று எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஓய்வு. ஃப்ரிட்ஜின் கதவுக்கும் பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்தார். தயிரும் மாவும் இருந்த காலத்தில் அது சமையலறைச் சாமான். அதற்கு ஓய்வு கிடையாது. இப்போது மாட்டுப்பெண்ணே அதை மருத்துவக் கருவி என்று சொல்லிவிட்டாள். அதனால் மற்ற ஆயுதங்களுக்குச் செய்ததை அதற்கும் செய்தார்.

சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் விஜயதசமி. விடியற்காலை நல்ல நேரம் பார்த்து மறுபடி போட்டார். எட்டரைக்கெல்லாம் அம்மாக்கள் வந்துவிட்டார்கள். நல்ல நாளில் போட்டுக்கொண்டால் நல்லது என்று தடுப்பூசி அட்டையோடு வந்த ஏழெட்டுக் குழந்தைகள். டோரதி வெப்பமானியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. தட்டம்மை ஊசியைப் போட்டு அனுப்பினாள்.

பத்து மணிக்கு அனந்தலக்ஷ்மி வந்து மேல்தட்டைத் திறந்தாள். டம்ளரில் பனிக்கட்டி இருந்தது. ரூபாய் அடியில் கிடந்தது.

6

"டோரதி, நேத்து கரெண்ட் போச்சா?"

"எனக்குத் தெரியல டாக்டர். நேத்து லீவுதானே. ஏன்?"

அனந்தலக்ஷ்மி டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். டோரதி நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "ஐயோ ஜீசஸ். காலையில எல்லாத்துக்கும் போட்டுட்டேனே."

நான் அப்போதுதான் பிரசாதம் வாங்க உள்ளே நுழைந்தேன். அண்ணா ஊஞ்சலில் இருந்தபடியே, "கரெண்டெல்லாம் போகலை. நான்தான் அணைச்சேன். ஆயுத பூஜை இல்லையா?" என்றார். ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவள் விளக்கினாள். மருந்து செத்திருக்கலாம், சாகாமலும் இருக்கலாம். எவராலும் சொல்ல முடியாது. குழந்தைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் காப்பு இருக்கிறதென்று தாய் நம்பிக்கொண்டிருப்பாள், காப்பு இருக்காது. ஒரு மாதம் கழித்து மறுபடி போட வேண்டும். அதற்கு அத்தனை பேரையும் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும்.

அண்ணாவின் முகம் கறுத்தது. "சொல்லு. கரெண்ட் போச்சுன்னு சொல்லு" என்றார்.

"மாட்டேன்."

"பெங்களூர்ல கரெண்ட் போறது அதிசயமா?"

"அதனாலதான் மாட்டேன். நாளைக்கு நிஜமாவே கரெண்ட் போய் நான் கூப்பிட்டா, என்னை எவ நம்பி வருவா? வருஷா வருஷம் புதுசா ஒரு ஊசி வரும் அப்பா. ஒவ்வொண்ணையும் நான் சொல்லித்தான் அவா நம்பணும். இங்க இருக்கறதெல்லாம் வெறும் கண்ணாடி பாட்டில். நான் வெச்சிருக்கற மருந்து அவா நம்பிக்கை ஒண்ணுதான். நானே போறேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன்."

"என் ஆத்து மாட்டுப்பெண் சந்து சந்தா போய் நின்னு, என் மாமனார் இப்படிப் பண்ணிட்டார்னு சொல்றதா?"

"ஆமாம்."

ஊஞ்சல் நின்றது. அண்ணா எழுந்து கோட்டை மாட்டி, கழுத்துப் பித்தான் வரை போட்டார்.

"நீ போகாதே. என் காரியத்துக்கு இன்னொருத்தர் போய்ப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. நான் போறேன்."

7

தனியாக விட மனமில்லாமல் பின்னால் போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் முதல் வீடு சந்திரம்மாவுடையது. கட்டட வேலைக்குப் போகிறவள். ஒன்பது மாதக் குழந்தை கிரண் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணா குனிந்து அந்த வாசற்படியில் ஏறினார். நான் சந்தின் முனையில் நின்றேன்.

"யாரு, பெரிய சாமியா? என்னா சாமி, வழி தப்பிடுச்சா?"

"பிள்ளைக்கு இன்னிக்குப் போட்ட ஊசி, அடுத்த மாசம் திரும்பப் போடணும். நீ அழைச்சிண்டு வரணும்."

"அய்ய! இப்பத்தான் அழுது ஓஞ்சு தூங்குது. ஏன், டோரதிம்மா ஊசில மருந்து ஊத்த மறந்துடுச்சா?"

"டோரதி மேல தப்பில்லை."

"அப்ப யாரு மேல?"

அந்த நேரத்தில் அம்மன் ஊர்வலத்தின் பேண்டு செட் சந்துக்குள் திரும்பியது.

8

இதை நான் கட்டிவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். விஜயதசமியன்று அல்சூர்ச் சந்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவன் குரலே கேட்காது. அண்ணாவின் உதடு அசைந்தது. சந்திரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. அண்ணா விறைப்பாக நின்று அவள் சிரிப்பு முடியும் வரை காத்திருந்து, அடுத்த வீட்டுக்கு நடந்தார். அன்று எல்லா வீட்டுக்கும் போனார். எந்த வீட்டிலும் உட்காரவில்லை.

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) "கரெண்ட் போயிடுத்து" என்றார். (சுஹாஸுக்குப் பிடித்த முடிவு. இதில் சந்திரம்மா எதற்குச் சிரிக்க வேண்டும் என்றுதான் எனக்கு எழுத வரவில்லை.)

ஆ) "என் மேலதான். ஆயுத பூஜைக்கு ஃப்ரிட்ஜுக்கு ஓய்வு குடுத்தேன்" என்றார். "ஃப்ரிட்ஜுக்கு லீவு உட்டீங்களா சாமி? எங்க மேஸ்திரி எனக்கே ஒரு நாள் லீவு உட மாட்றான்!" என்று அவள்... (இதை எழுதும்போது பேனா தானாக ஓடியது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. தம்பியின் கை அண்ணாவுக்குச் சாதகமாகத்தான் ஓடும்.)

அடுத்த மாதம் அத்தனை குழந்தைகளும் வந்தன. கிரண் டோரதியின் விரலைக் கடித்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணா ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜுக்குச் சந்தனம் வைத்தார். சுவிட்சுப் பக்கம் போகவில்லை. அன்று சந்தில் என்ன சொன்னார் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய மனிதர் இல்லை அவர். இப்போது கேட்கவும் முடியாது.

9

சுஹாஸ், இதில் ஒரு வரி வெட்டினாலும் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிடு. அந்தப் பக்கத்தில் விளம்பரம் போட்டுக்கொள்.

வாசகருக்கு: அண்ணா சொன்னதை நான் எழுதப்போவதில்லை. கேட்காததை எழுதி அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டிய நிலையில் எங்கள் குடும்பம் இல்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்புங்கள்.

"அப்ப யாரு மேல?"

"......................................"

கரெண்ட் போச்சு என்று நிரப்ப நினைப்பவர்கள் ஒருமுறை கிளினிக்குக்கு வந்து போகவும். அனந்தலக்ஷ்மி மேல்தட்டைத் திறந்து காட்டுவாள். யாரும் பார்க்காதபோது நடந்ததைச் சொல்லிவிடும் அந்த டம்ளர் அங்கேயே இருக்கிறது. ரூபாய் பனிக்கட்டிக்கு மேலேதான் இருக்கிறது.