டொக் என்றொரு சத்தம்

தம்பி மனைவி போன் செய்தபோது நான் ஓர் அச்சகத் தொழிலாளியின் வலது காதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தம் புகாத சின்ன அறையில், தலையில் ஹெட்போனும் கையில் பொத்தானுமாக அவர் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கேட்காமலே அமுக்குகிறவர்கள் உண்டு, கேட்டும் அமுக்காமல் இருப்பவர்களும் உண்டு. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

போன் மூன்றாவது தடவையாக மேசைமேல் அதிர்ந்தது. எடுத்தேன்.

"அண்ணி, வண்டி நடுவழியில நின்னுபோச்சு."

"அவனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. மேம்பாலத்துல ஏறும்போது கியர் மாட்டிக்கிச்சாம். பின்சீட்டுல ஏர்போர்ட் போற ஆளு. நடுரோட்டுலயே இறங்கி, வாய்க்கு வந்தபடி கத்திட்டு, வேற வண்டி பிடிச்சுப் போயிட்டாரு." அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். எப்போது பேசினாலும் பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அன்றைக்கு ஓடவில்லை. "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தெரிஞ்சேதான் வண்டிய எங்ககிட்ட தள்ளிவிட்டீங்களா?"

"சேச்சே, என்னம்மா பேசற?" என்றேன். சொல்லி முடிக்கும்போதே, பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது என்று எனக்கே பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அச்சகத் தொழிலாளி, சத்தமே இல்லாத நேரத்தில் இரண்டு முறை பொத்தானை அமுக்கினார்.

அது நீளமான கறுப்பு வண்டி. நான் வாங்கும்போதே அதற்கு ஏழு வயது. இன்னொருவர் அனுபவித்துக் கழித்த சொகுசுதான் என்றாலும், கதவைச் சாத்தினால் ஊரே அணைந்தது மாதிரி ஆகிவிடும். நாளெல்லாம் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த அமைதி வேண்டியிருந்தது. ஐந்து வருடம் ஓட்டினேன். பிறகு எங்கள் சோதனை மையம் என் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கே வந்துவிட, வண்டி பெரும்பாலும் சும்மா நின்றது. என் தம்பி அப்போது ஒரு ஓட்டலில் விருந்தினர்களை ஏற்றிச்செல்லும் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். பதினான்கு வருடம், வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. "அடுத்தவன் வண்டியத் துடைச்சுத் துடைச்சே கை தேஞ்சுபோச்சுக்கா. இத எனக்குக் குடுத்துடேன். சொந்தமா ஓட்டிப் பொழச்சுக்கறேன்" என்றான். பேசி முடித்த மறுநாளே வேலையை விட்டுவிட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் குதிப்பவன்.

வண்டியை ஒப்படைப்பதற்குப் பத்து நாள் முன்பு அது நடந்தது. ஒரு கடையின் அடித்தள வாகன நிறுத்தத்தில் ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இருக்கைக்கு அடியில் 'டொக்' என்றது. யாரோ கீழே படுத்துக்கொண்டு ஒரு விரல் முட்டியால் தட்டியது போல, ஒரே தட்டு. தரை மேடுபள்ளம் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் சிக்னலில் கிளம்பும்போது மறுபடி டொக். மூன்றாவது முறை கேட்டபோது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். ஊரிலுள்ளவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்கவில்லை என்று தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுகிற நான், என் காதுக்கு எதிராக ரேடியோவை வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவனிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் ஒன்று. அது நிஜம். கியர்பாக்ஸ் தலைவலி என் வாசலில் வெடிப்பதற்குள் வண்டி கைமாறிவிட்டால் நல்லது என்று உள்ளே ஒரு மூலையில் நினைத்தேனே, அதுவும் நிஜம்.

இரண்டு நாள் தம்பியிடமிருந்து அழைப்பே இல்லை. எந்தச் சட்டை போடுவது என்பதற்குக்கூட எனக்குப் போன் செய்கிறவன் அவன். நானாக அழைத்தபோது, "ம்" என்றான், "பாக்கலாம்" என்றான். கம்பெனி சர்வீஸில் கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, எதையும் கழற்றாமலே, முழு கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன தொகையை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் தலை சுற்றும்.

என்னிடம் வருடத்துக்கு ஒருமுறை காது பார்க்க வரும் ஒருவர் கியர்பாக்ஸ் மட்டுமே பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. எந்தக் கோளாறோடு வண்டி வந்தாலும் முதல் கேள்வியாக, "எண்ணெய் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்பதால் எல்லோருக்கும் அவர் எண்ணெய்க்காரர்தான். அவரிடம் பேசி, சனிக்கிழமை காலை வண்டியை இழுத்துக்கொண்டு வரத் தம்பியிடம் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஐந்து நாள் தாடி. என்னைப் பார்த்ததும் எதிர்ச்சுவரிலிருந்த காலண்டர் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். தகரக் கூரை, கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பானர்கள். ஒரு பெஞ்சின் மேல் பிரித்து வைத்த கியர்பாக்ஸ் ஒன்றின் தட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணெய்க்காரர் கை துடைத்தபடி வந்தார்.

"எண்ணெய் எப்ப மாத்துனீங்க?"

தம்பி வாய் திறப்பதற்குள் அவரே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "சரி, அது இருக்கட்டும். மொதல்ல இத சொல்லுங்க. மாட்டிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம், இழுப்பு, உதறல்?"

"நான் வாங்கி ஒரு மாசந்தான் ஆகுது" என்றான் தம்பி. "அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அவங்கள கேளுங்க."

அவங்க. நாற்பத்தைந்து வருடத்தில் அவன் என்னை அப்படிச் சொன்னதில்லை. எண்ணெய்க்காரர் நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"இருந்துச்சு" என்றேன். "கிளம்பும்போது ஒரு டொக். மூணு நாலு தடவ கேட்டேன். இவன்கிட்ட சொல்லல."

பட்டறையில் எங்கோ ஒரு காற்றுக்குழாய் உஸ்ஸென்று சீறி நின்றது. தம்பி கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்து, "ஏன்க்கா?" என்றான். அவ்வளவுதான். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

"தெரியல" என்றேன். பிறகு, "தெரியும். பயம். நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு ஒரு பயம்" என்றேன்.

எண்ணெய்க்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வண்டியை லிஃப்டில் ஏற்றப் போய்விட்டார். பிறர் வீட்டுச் சண்டையில் எப்போது நகர்ந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

ஐந்து வருடம் உட்கார்ந்து ஓட்டிய வண்டியின் அடிவயிற்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே அத்தனை பளபளப்பு. கீழே சேறும் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக எந்த வண்டிக்கும் இருப்பதுதான். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டை அவர் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருகினார்.

டொக்.

"இதுதான்!" என்றேன். "இதே சத்தம்!"

"இங்க வாங்க." விளக்கைத் தூக்கிக் காட்டினார். தண்டும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், சின்னத் தட்டளவில், தடிமனான ஒரு ரப்பர் வட்டு. அதில் ஓர் ஓரமாக மூன்று வெடிப்புகள், காய்ந்த உதடு மாதிரி. "அதிர்ச்சியத் தாங்கறதுக்கு வெச்ச ரப்பர். வயசாச்சு, வெடிச்சிருக்கு. அதனாலதான் கிளம்பும்போது தட்டுது. இதுக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க கேட்டது நெஜம், ஆனா வண்டி நின்னது இதனால இல்ல."

"அப்ப எதனால?"

அவர் பதில் சொல்லாமல் கியர்பாக்ஸின் பக்கவாட்டிலிருந்த ஒரு திருகின் மேல் விரலை வைத்தார். சுற்றிலும் பழைய அழுக்கு. அந்தத் திருகு மட்டும் புதிதாகக் கீறல் பட்டு மின்னியது. வண்டியை ஓடவிட்டு, எண்ணெய்ச் சூட்டைக் கணினியில் பார்த்துக் காத்திருந்து, பிறகு அதைக் கழற்றினார். "அளவு சரியா இருந்தா இது வழியா நூல் மாதிரி வழியணும்." ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் காய்ந்தே வந்தது.

"யாரோ சமீபத்துல தொறந்திருக்காங்களே" என்றார்.

தம்பி கட்டியிருந்த கையைப் பிரித்தான். மறுபடி கட்டினான்.

"நான்தான்" என்றான் மெதுவாக. "என் பழைய சிநேகிதன் ஒருத்தன் மெக்கானிக்கு. மொத சவாரிக்கு முன்னாடி வண்டிக்கு நல்லது ஒண்ணு பண்ணலாமேன்னு... புது எண்ணெய் ஊத்தினோம். வழியற வரைக்கும்தான் ஊத்தினான், நானே பாத்தேன்."

"வண்டிய ஆஃப் பண்ணிட்டா?"

"ஆமா."

"அதான். ஓடும்போது எண்ணெய் மேல ஏறிடும், அப்ப மறுபடி ஊத்தணும். ரெண்டு லிட்டர் குறையுது. சமதரையில சமாளிச்சிருக்கும். மேம்பாலத்துல மூக்கைத் தூக்கினதும் எண்ணெய் எல்லாம் பின்னாடி ஒதுங்கி, பம்ப் வெறுங்காத்தை உறிஞ்சியிருக்கும். தன்னைக் காப்பாத்திக்க ஒரே கியர்ல நின்னுடுச்சு. புத்திசாலி வண்டி."

தம்பி என்னைப் பார்த்தான். அந்த ஐந்து நாளில் முதல் முறையாக நேராகப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சிரிக்கத் தொடங்கினான். அடக்கப் பார்த்து முடியாமல், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. "உன்ன நான் என்னென்ன திட்டினேன் தெரியுமா, மனசுக்குள்ள?" என்றான்.

"இன்னும் சிரிக்காதீங்க" என்றார் எண்ணெய்க்காரர். "உள்ள தட்டு கருகியிருந்தா கத வேற. அடித்தட்டைக் கழட்டிப் பாத்துடலாம்."

அவர் கழற்றிய அரை மணி நேரம் நான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டயர் ஒருவருக்கானது. அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது, யாரும் நகரவில்லை. தேய்ந்த துகள்களைப் பிடித்துவைக்க அந்த அடித்தட்டுக்குள் காந்தங்கள் உண்டாம். அதில் ஒன்றை அவர் விரலால் வழித்து வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தார். நைசான சாம்பல் நிறப் பசை. இன்னொன்றையும் வழித்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கீழே வடிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தார்.

"கரி வாசன இல்ல. உலோகத் துண்டு இல்ல. பொழச்சுக்கிச்சு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு என் உடம்பிலிருந்து எது இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகத் தளர்ந்தது. தம்பி இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடி, தாடியோடு சேர்த்து அழுத்தித் தேய்த்துக்கொண்டான். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

புது வடிகட்டி, சரியான எண்ணெய், புது ரப்பர் வட்டு. எல்லாம் முடிய மதியம் தாண்டிவிட்டது. இடையில் தம்பி கேட்டான். "வீட்டுல என்னக்கா சொல்றது?"

"ரப்பர்னு சொல்லு. ரப்பர் மேல பழிய போட்டா அது வந்து வக்காலத்து வாங்கப் போறதில்ல." அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, போனை எடுத்து நானே அவளை அழைத்தேன். அந்தச் சத்தத்தைப் பற்றி, நான் மறைத்ததைப் பற்றி, அவள் கேட்டபோது சட்டென்று மழுப்பியதைப் பற்றிச் சொன்னேன். வண்டி நின்றது அதனால் இல்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அவன் ஊற்றிய எண்ணெயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது.

"வண்டி ஓடுமா அண்ணி?"

"ஓடும்மா."

"ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு ஒரு சவாரி கேட்டிருக்காங்க. வேண்டாம்னு சொல்ல இருந்தேன்." கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. "அவரு சாப்பிட்டாரா? வரும்போது கறுப்பு நூல் ரெண்டு கண்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க." மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிட்டாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். தம்பி ஸ்டியரிங்கில், பக்கத்தில் எண்ணெய்க்காரர், இருக்கை அழுக்காகாமல் இருக்கச் செய்தித்தாளை விரித்துப் போட்டு மடியில் கணினியோடு, பின்னால் நான். அந்த வண்டியின் பின்னிருக்கையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் விரலை மடக்கிக் காட்டியிராவிட்டால் கியர் மாறுவதே தெரிந்திருக்காது. மேட்டில் ஏற்றினான், இறக்கினான், நிறுத்திக் கிளப்பினான். "போதும், திருப்புங்க" என்றார் அவர். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று தம்பி பட்டறை வாசலைத் தாண்டிப் போய்விட்டான். அவர் தலையில் அடித்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

மரக்கடைகள் நிறைந்த ஒரு தெருவில், இரண்டு பேர் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்க வந்தார்கள். தம்பி நின்றான். நடுச்சாலையில் அவர்கள் பிடியை மாற்றிக்கொள்ள நிறுத்தியபோது கண்ணாடி எங்கள் பக்கம் திரும்பியது. அதில் மதிய வானம் ஒரு துண்டு, நீளமான கறுப்பு வண்டி, உள்ளே மூன்று தலைகள். தம்பி அந்தத் தலைகளைப் பார்த்துக் கையை ஆட்டினான். தங்களுக்குத்தான் ஆட்டுகிறான் என்று நினைத்து, முன்னால் பிடித்திருந்தவர், இரண்டு கையும் மாட்டியிருந்ததால், சிரித்துத் தலையை ஆட்டினார். கண்ணாடி மெல்லச் சாய்ந்தது. முதலில் எண்ணெய்க்காரர் அதிலிருந்து நழுவினார், பிறகு தம்பி, பிறகு நான். வானம் மட்டும் கொஞ்சநேரம் அதிலேயே நின்று, அவர்களோடு தெருவின் மறுபக்கத்துக்குப் போனது.