ஒரு தட்டுக் குறைந்த புதினம்

மாலை வெயில் மாடிச் சுவர்களுக்கு மஞ்சள் பூச, கடைத்தெருவின் இரைச்சலெல்லாம் திரண்டு மேலேறி வர, அச்சகத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் திறந்துகிடந்த பலகணியின் உள்ளே, தாள்கள் இறைந்த மேசையை விரல்களால் ஓயாது தட்டி, மனைவியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார் ஓர் எழுத்தாளர். கற்றறிந்த பெரியீர், இளமையில் மேடைதோறும் மத்தளம் முழக்கி, மணிக்கட்டு நொந்தபின் எழுதுகோல் பிடித்துப் புதினங்கள் பல படைத்தவர் அவர். மேடையை விட்டிறங்கினாரேயன்றி மேளப் பித்தை விட்டாரில்லை, என் செய்வது! எழுதிய தொடர் ஒவ்வொன்றையும் மனைவியார் உரக்கப் படிக்க வேண்டும். இவர் தட்டிப் பார்ப்பார். ஒரு தட்டுக் குறைந்தால் ஏதேனும் ஒரு சொல்லைச் செருகிவிடுவார். முன்னொரு கதையில் தாளம் நிரம்பவேண்டிக் கதைத்தலைவனுக்குத் தம்பி ஒருவனைச் சேர்த்துவிட, அத்தம்பி பிறகு எங்கே போனான் என்று கேட்டோர்க்கெல்லாம் மறுமொழி எழுதியே அவ்வம்மையார் கைசலித்துப் போனார்.

இவருடைய காலத்தாழ்வால் பதிப்பாளர் பலரும் கைகழுவிவிட்டனர். எஞ்சிய ஒருவரும், இருட்டுமுன் திருத்திய அச்சுப்படி எதிர் அச்சகத்துக்கு வாராவிடில் இந்நூலும் வேண்டா, இவர் உறவும் வேண்டா என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆண்டுக்கணக்கில் இழைத்த நூல் அது. அம்மையார் வெயில் இறங்குவதைப் பலகணி வழியே பார்த்துப் பார்த்துப் படித்தார்.

"இன்னொரு தரம் படி. கடைசியில ஒரு தட்டு குறையுது."

"தொண்டை கட்டிப்போச்சு. அவ கதவைச் சாத்திட்டுப் போயிட்டா, கதை முடிஞ்சுது. இன்னும் என்னங்க வேணும்?"

"மெல்லப் போனாள்னு போட்டா?"

"கோவிச்சுட்டுப் போறவ மெல்லவா போவா?"

அவர் சற்றே எண்ணிப் பார்த்தார். "அப்ப அவ தம்பியையும் கூட அனுப்பிடலாமா?"

அவ்வளவுதான். பொறுமை கடந்த அம்மையார் இறுதித் தொடரை ஒரே மூச்சில் படித்து, அட்டையிட்டுத் தைத்திருந்த அந்த அச்சுப்படியைப் பட்டென்று மூடினார். எழுத்தாளரின் விரல்கள் நின்றுவிட்டன.

"அதுதான் அந்தத் தட்டு," என்றார் அவர். "படிக்கிறவங்க மூடும்போது தானா விழும். ஒண்ணும் சேர்க்க வேண்டாம், கொண்டுபோய்க் குடுத்துடு."

"இதை மத்தியானமே சொல்லியிருந்தா என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்," என்று முணுமுணுத்தவாறே அம்மையார் படியிறங்கி ஓடினார். அச்சகத்தில் அச்சுப்பொறி நிற்பதற்குள் போய்ச் சேர்ந்தார்; நூலும் வெளிவந்தது. இறுதித் தொடர் நொண்டுகிறது என்று திறனாய்வாளர் சிலர் எழுதினர், எழுதட்டும்.

இன்று அவர் இல்லை. மேசை ஓய்ந்து கிடக்கிறது. தொல்லை விட்டது என்று அம்மையாரும் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறார். ஆயினும் மாலை வேளைகளில் அந்நூலை எடுத்து, இறுதித் தொடரை உரக்கப் படித்து, மூட மனம் வாராமல் மடியில் விரித்தபடியே வைத்திருக்கிறார்.