பேக்கிங் மாமன் கட்டிய மெத்தை

விருத்தாசலத்திலிருந்து ஒரு பீங்கான் பொம்மை உடையாமல் ஊர் போய்ச் சேர வேண்டுமென்றால் பிலோமின்ராஜைக் கூப்பிடு என்பார்கள். அந்தப் பிலோமின்ராஜ் நான்தான். பொம்மைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் பேக்கிங் வேலை. நான் கட்டின பெட்டியில் ஒரு யானையின் தும்பிக்கையோ ஒரு குதிரையின் காதோ உடைந்ததாக இன்றுவரை ஒரு போன் வந்தது கிடையாது. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன வந்தது.

இதைச் சொல்லக் காரணம் என் தங்கை டெய்சி. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், மூன்று மாதக் குழந்தை ஆன் மேரியைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருச்சிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அவள் வீட்டுக்காரர் ஜெரினின் காரில் மூன்று மணி நேரப் பயணம். அதைக் கேட்டதிலிருந்து, போகிற வழியில் உள்ள கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுப் பள்ளங்களை மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. டெய்சிக்கு ஆறு வயதாக இருக்கும்போது சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து கம்மாபுரம் ரோட்டில் மிதித்துப் போனேன். பேச்சு சுவாரஸ்யத்தில் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கால் சக்கரத்துக்குள் போய்விட்டது. குதிகாலில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து நான் ஓட்டுகிற எந்த வண்டியிலும் அவள் ஏறியதில்லை. ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினால், நான் பைக்கோடு வாசலில் நின்றாலும், சிரித்துக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுவாள். அவள் மகளையாவது என் கையால் பத்திரமாகக் கட்டி, ஒரு கீறல் படாமல் ஊர் அனுப்ப வேண்டும். அந்த ஆசை எனக்கு வெறி மாதிரி பிடித்திருந்தது.

ஆகவே, ஜெரின் ஆன்லைனில் போட்ட குழந்தை கார் சீட்டு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியபோது நான்தான் பெட்டியைப் பிரித்தேன். டெய்சி உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சீட்டை வெளியே எடுத்து வைத்தேன். மிச்சமிருந்த தெர்மாகோல், அட்டை, பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த சாம்பல் நிறச் சின்னப் பஞ்சுத் துண்டு எல்லாவற்றையும் சுருட்டி, வழக்கம்போல் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டேன். நல்ல பேக்கிங் சாமானைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

சாயந்திரம் ஆன் மேரியை அந்தச் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தோம். தலை ஒரு பக்கம் தொங்கியது. முதுகுப் பக்கத்தைத் தட்டினேன், பிளாஸ்டிக் ணங்கென்றது.

"இன்னா இது, கல்லு மாதிரி இருக்குது! இதுலயா புள்ளய வெப்பாங்க?" என்று கத்தினேன்.

"உங்களையா அதுல ஒக்கார சொன்னாங்க? கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது, சும்மா கெடங்க" என்றாள் என் மனைவி ஜெயமேரி.

நான் சும்மா கிடக்கிற ஆளா? மூன்று நாள் ராப்பகலாக உழைத்தேன். முதுகுக்கு இரண்டடுக்கு ஸ்பாஞ்சு, இடுப்புக்கு ஓரடுக்கு, தலைக்கு இரண்டு பக்கமும் உருட்டின திண்டு, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு வெல்வெட் உறை. சீட்டில் இருந்த பெல்ட் வாரை ஸ்பாஞ்சுக்கு மேலே இழுத்து மாட்டினேன். ஆன் மேரியை உள்ளே வைத்தால் மூக்கும் இரண்டு கண்ணும்தான் வெளியே தெரிந்தன. பக்கத்து வீட்டு காசியம்மாள் பார்த்துவிட்டு, "மகாராணி கணக்கா இருக்குதுடி கண்ணு!" என்று நெட்டி முறித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜெரின் வந்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டெய்சியைப் பார்த்தார். டெய்சி சீட்டோடு வந்த புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணா, கோவப்படாத. இதெல்லாம் எடுத்துடு" என்றாள்.

"எதெல்லாம்?"

"ஸ்பாஞ்சு, திண்டு, எல்லாந்தான். சீட்டோட வராத எதையும் உள்ள வெக்கக் கூடாதுன்னு புக்குல போட்டிருக்குது. வாரு புள்ள ஒடம்பத்தான் புடிக்கணும். இப்ப அது ஒன் ஸ்பாஞ்சத்தான் புடிச்சிக்கிட்டு இருக்குது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கே பேக்கிங் சொல்லித் தருகிறார்களாம்!

"புக்கு எழுதினவன் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல ஒரு தடவ வந்திருக்கானா? வந்து பாக்கச் சொல்லு, அப்புறம் பேசுவோம்!"

"மச்சான், பிரேக்கு அடிச்சா, எங்கியாச்சும் மோதினா, ஸ்பாஞ்சு அமுங்கிடும். வாரு லூசாயிடும், அதான்..." என்று ஜெரின் மெதுவாக இழுத்தார்.

டெய்சி விடவில்லை. "நீ ஒன் ஆளுங்கள இன்னான்னு திட்டுவ? வைக்கோல பொசுபொசுன்னு வெக்காதீங்கடா, வழியில படிஞ்சிடும், பொருளு உள்ள ஆடும்னு திட்டுவல்ல?"

"அது வைக்கோலு! இது ஸ்பாஞ்சு!" என்றேன். அவள் சொன்னது சரிதானோ என்று உள்ளுக்குள் ஒரு சின்ன முள் குத்தியது. குத்தியதாலேயே இன்னும் சத்தமாகக் கத்தினேன். "நிரூபிக்கிறேன் பாரு!"

பைக்கை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், மீசைக்காரரைத் தூக்கி வந்தேன். மீசைக்காரர் என்பது தலைப்பாகை கட்டி, தொந்தியும் தோளுமாக, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பீங்கான் பொம்மை. எடை ஏறக்குறைய ஆன் மேரியின் எடை. அவரை வெல்வெட்டில் உட்கார வைத்து, வாரைப் பல்லைக் கடித்து இழுத்து மாட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தார்.

"இப்ப நல்லாப் பாத்துக்குங்க" என்றேன்.

எங்கள் கம்பெனியில் கட்டின பெட்டியை இருபது தரம் ஆட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதே மாதிரி சீட்டின் கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டினேன். ஐந்து, ஆறு, ஏழு. மீசைக்காரர் அசையவில்லை. டெய்சியைப் பார்த்து இளித்தேன். பத்து, பதினொன்று. ஸ்பாஞ்சு படிய ஆரம்பித்தது எனக்குக் கையிலேயே தெரிந்தது. இருபத்திரண்டு வருஷக் கை அல்லவா, தெரியாமல் இருக்குமா? நிறுத்தியிருக்கலாம். வீம்பு விடவில்லை. பதினான்காவது ஆட்டில் வார் அவர் தோளில் மாலை மாதிரி தொங்கியது. பதினைந்தாவதில் தோள் நழுவி, தொந்தி நழுவி, மீசைக்காரர் நேராக என் வலது கால் கட்டைவிரலில் வந்து இறங்கினார்.

"ஐயோ மாதாவே!" என்று அலறினேன்.

ஜெயமேரி ஓடி வந்து மீசைக்காரரைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஒடையலங்க!" என்றாள் சந்தோஷமாக.

டெய்சி சிரிக்கவில்லை. ஐஸ் கொண்டுவந்து கீழே உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் மடக்கி உட்கார்ந்திருந்ததில் அந்தக் குதிகால் தழும்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்த வாருக்குள் ஆன் மேரி இருந்திருந்தால் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்று வயசு ஆம்பளை, எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். வலிக்காக அழவில்லை.

"நல்லதுன்னு நெனச்சிதாம்மா பண்ணேன்" என்றேன்.

"தெரியும்ணா. காலை ஆட்டாத."

அப்போது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஜெரின், "மச்சான், இந்தப் படத்துல ஒரு சின்ன மெத்த இருக்குது பாருங்க. சின்னப் புள்ளைக்குத் தல தொங்காம இருக்க சீட்டோடயே வருதாம். சாம்பல் கலரு. பொட்டிய யாரு பிரிச்சாங்க?" என்றார்.

ஜெயமேரி என் முகத்தைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டாள். "எந்தப் பொம்மைக்குச் சுத்தினீங்க?" என்று கேட்டாள்.

"குதிரைக்கு" என்றேன். "கழுத்துக்கு."

குதிரைகள் மதுரைக்குப் போகிற ஆர்டர். நல்லவேளை, திங்கட்கிழமைதான் லாரி. கால் விரலில் கட்டோடு ஜெரின் காரில் கம்பெனிக்கு ஓடினேன். வாட்ச்மேன் கொளஞ்சியப்பன் குடோனைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னாங்க மேஸ்திரி, நீங்க கட்டின பொட்டிய நீங்களே பிரிக்கிறீங்க? உள்ள சத்தம் கேட்டுச்சா?"

"ஒங்க வாயிலதாங்க சத்தம் கேக்குது. கத்தியக் குடுங்க."

மூன்றாவது பெட்டியில் மெத்தை கிடைத்தது. குதிரையை வெறுங்கழுத்தோடு அனுப்ப முடியுமா? வீட்டிலிருந்து எடுத்துப்போன என் ஸ்பாஞ்சையும் வெல்வெட்டையும் அதற்குச் சுற்றி, மேலே வைக்கோலை இறுக்கித் திணித்து, ஆட்டிப் பார்த்து மூடினேன். மூன்று நாள் உழைப்பு குதிரைக்காவது ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஜெரின் காரின் பின்சீட்டில், புத்தகத்தில் போட்டிருந்தபடி குழந்தை பின்பக்கம் பார்க்கிற மாதிரி சீட்டைப் பூட்டினார். ஜெயமேரி துவைத்துக் காயவைத்திருந்த சாம்பல் மெத்தையை உள்ளே பொருத்தினோம். ஆன் மேரியின் தலை நேராக நின்றது. நான் ஒதுங்கி மதில் ஓரமாக நின்றுகொண்டேன். என் கைராசிதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே.

"அண்ணா" என்று டெய்சி கூப்பிட்டாள். "வார நீ வந்து கட்டு."

"நானா? மாப்ள கட்டட்டும்மா."

"நீதான் கட்டணும். எனக்கு அப்பதான் நிம்மதி."

நொண்டிக்கொண்டு போனேன். வாரை மாட்டி, சிக்கில்லாமல் தடவி, இழுத்தேன். தோள் எலும்புக்கு மேலே வாரைக் கிள்ளிப் பார்த்தேன், விரலுக்கு மடிப்பு சிக்கவில்லை. ஆன் மேரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டாள். கொஞ்சம் தளர்த்தி, ஒரே ஒரு சின்னத் துணியை மடித்து உள்ளே வைத்தால் என்ன என்று விரல் தன்னால் போனது.

"பாவம், அழுவுதே! ஏதாச்சும் மெத்துன்னு வெய்யேன்பா!" என்றாள் காசியம்மாள்.

விரலை இழுத்துக்கொண்டேன். "அழுதா அழுவட்டுங்க. ஆடல" என்றேன்.

டெய்சி என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினாள். கார் போய்விட்டது. அரைமணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெயமேரி காபி கொடுத்தாள், ஆறிப்போனது. பிறகு ஜெயமேரி போனுக்கு டெய்சியிடமிருந்து போட்டோ வந்தது. கருவேப்பிலங்குறிச்சி தாண்டிவிட்டார்களாம். போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிசாக்கி, இடது வார், வலது வார், நடுப் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"புள்ள மூஞ்சியப் பாருங்க!" என்று ஜெயமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வார் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். தலை அந்தச் சின்ன மெத்தைக்குள் நேராக இருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.