கலிமாவுக்குப் பிறகு

செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. ஷம்ஷாத் ஓடிவந்து அமலாவின் வாயைப் பொத்தினாள்.

“பேசாதீங்க அண்ணி. உங்க கொரல் கேட்டா முழிச்சுக்குவாரு.”

அமலா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். “முழிக்கட்டுமே! அதுக்குத்தான ஷிப்ட்ட பாதில வுட்டுட்டு ஓடியாறேன்?”

“இப்பதான் கலிமா சொன்னாரு, அல்லாவத் தவிர வேற ஆண்டவன் இல்லன்னு. அதுதான் அவரு கடைசிப் பேச்சா இருக்கணும். அதுக்கு மேல ஒரு வார்த்த பேச வெக்கக் கூடாது.”

உள்ளே கட்டிலில் அமலாவின் தம்பி கிடந்தான். அம்மா வைத்த பேர் தாவீது. ஷம்ஷாத்தைக் கட்டிக்கொள்ள மதம் மாறியபின் தாவூத். ஓரகடத்துக்குக் கம்பெனி வேன் ஓட்டியவன். ஈரல் கெட்டுப்போய், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மூச்சு ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது வேறு சத்தம். தலைமாட்டில் பள்ளிவாசல் ஹஜ்ரத் மெல்லிய குரலில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்து ஆள். அமலாவுக்கு மகன் வயசுதான் இருக்கும்.

அமலா தம்பியின் காதோரம் போய் உட்கார்ந்து பையிலிருந்து பைபிளை எடுத்தாள்.

“வேணாம் அண்ணி.”

“மேய்ப்பன் சங்கீதம். ஒரே ஒரு தரம்.”

“நீங்க பாதி சொன்னா மீதிய அவரு சொல்லிடுவாரு. தூக்கத்துலயே சொல்ற மனுஷன்.”

அது அமலாவுக்குத் தெரியாதா? ஞாயிறு பள்ளிக்கு இரண்டு பேரும் அப்படித்தான் மனப்பாடம் செய்தார்கள். வசனத்தில் முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி தம்பிக்கு. அதை நம்பித்தான் வந்திருந்தாள். கர்த்தருடைய வார்த்தை வாயில் இருக்கும்போதே அவன் போக வேண்டும். இத்தனை வருஷம் அவள் முழங்காலில் நின்று கேட்டது இது ஒன்றுதான்.

அவள் ஹஜ்ரத் பக்கம் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க. சங்கீதத்த தாவீது ராஜாவுக்கு யார் குடுத்தது?”

அவர் ஓதிய வசனத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அல்லாதான். ஸபூர்னு சொல்லுவோம். மூசா நபிக்குத் தவ்ராத் வேதம், நீங்க ஏசுன்னு சொல்ற ஈசா நபிக்கு இஞ்சீல். இதையெல்லாம் நம்பாதவன் முஸ்லிமே இல்லம்மா.”

“அப்ப படிக்கலாம்.”

“உங்க கையில இருக்கறதுல எது அப்படியே இறங்கினது, எதுல மனுசன் கை பட்டுதுன்னு எங்களால பிரிச்சுச் சொல்ல ஏலாது. அதுனால பொய்னும் சொல்ல மாட்டோம், மெய்னும் சொல்ல மாட்டோம். குர்ஆன் என்ன சொல்லுதோ அதோட ஒத்துப் பாப்போம்.”

“இன்னா பதிலு இது? வாசல்ல நிக்கிறவள வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல! எங்க கம்பெனில புது டிராயிங் வந்தா பழசக் கிழிச்சுக் கடாசுவாங்க. அப்டித்தான?”

“கிழிக்க மாட்டோம்மா. அனுப்பினவன் ஒருத்தன்தானே, மரியாதை உண்டு. வேலைக்கு எடுக்கறது மட்டும் கடைசியா வந்தத.”

“அனுப்பினவன் ஒருத்தன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அப்புறம் எத்தச் சொல்லிக்கினு போனா இன்னா?”

“அப்ப கலிமாவோடயே போவட்டுமே அண்ணி,” என்றாள் ஷம்ஷாத். “உங்களுக்கு மட்டும் ஏன் நோவுது?”

அமலா பைபிளில் விரலை விட்டுப் பக்கத்தைத் தேடினாள்.

“அக்கா…”

கட்டிலிலிருந்து வந்தது குரல். மூன்று பேரும் திரும்பினார்கள். ஷம்ஷாத் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

“பேசிட்டாரே… பேச வெச்சுட்டீங்களே அண்ணி…”

“பதறாதீங்க. மறுபடி எடுத்துச் சொல்லலாம்,” என்று ஹஜ்ரத் குனிந்து கலிமாவைச் சொன்னார். தாவூத் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் பார்வை அக்காவின் முகத்திலேயே நின்றது. உதடு சற்றுப் பிரிந்திருந்தது. முன்பாதிக்குக் காத்திருக்கும்போது அவன் வைத்துக்கொள்ளும் வாய் அது.

முதல் சொல் அமலாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் அவனுக்கு மூச்சு மிச்சமிருந்தது.

தரையில் ஷம்ஷாத் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தேம்பினாள். மாசக்கணக்காக அவனுக்கு மலஜலம் எடுத்த கை. நகத்தோரம் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

அமலா அந்தக் கையைப் பற்றித் தூக்கினாள். “எழுந்துரு. இங்க வா, என் மூஞ்சி இருக்கற எடத்துல உன் மூஞ்சிய வை. அழுவாத. சொல்லு.”

“அண்ணி…”

“சொல்லுடி, நேரமில்ல!”

ஷம்ஷாத் கலிமாவைச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோலச் சொன்னாள். அவன் உதடு அசைந்தது. அமலா தன் காதை அவன் வாய்மேல் வைத்திருந்தாள். காற்று வந்தது. காற்றில் சொல் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் காற்றும் வரவில்லை.

ஷம்ஷாத் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “நீங்கதான கிட்ட இருந்தீங்க. சொன்னாரா?”

“சொன்னான்.”

“முழுசாவா?”

“முழுசாத்தாம்மா சொன்னான்.”

ஹஜ்ரத் அமலாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இன்னா லில்லாஹி…” என்று இறப்புக்குச் சொல்வதை ஆரம்பித்தார்.

ஷம்ஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடியில் கிடந்த வெள்ளைத் துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். உடம்பு விறைக்கும் முன் வாயைக் கட்டிவிட வேண்டும்.

“தாடைய தூக்கிப் புடிங்க அண்ணி.”

அமலா உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினாள். தாடிக்குள் சூடு இன்னும் இருந்தது. உதடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஷம்ஷாத் துணியைத் தாடைக்கு அடியில் விட்டு உச்சந்தலைக்குக் கொண்டுவந்தாள்.

“இறுக்கமா இருக்குதா?”

“இன்னும் கொஞ்சம் இழு.”

முடிச்சு விழும்வரை அமலா கையை எடுக்கவில்லை.