வெர்னின் கட்டைவிரல் பள்ளம்

பாத்திரம் துடைக்கும் துண்டில் சுற்றி நடீன் என் பட்டறை மேசையில் கொண்டுவந்து வைத்தது அவள் கணவன் வெர்னின் வேட்டைக் கத்தி. அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடியின் இரு பக்கமும் பதித்திருந்த வால்நட் கட்டைகளில் இடது பக்கத்துக் கட்டை உப்பி, நீளவாக்கில் பிளந்து, இரும்பை விட்டு எழும்பி நின்றது.

"பாத்திரம் கழுவுற மெஷின்ல போட்டுட்டேன், டெல்மர்."

மரப்பிடிக் கத்தியை மெஷினில் போடுகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. போன வருடம் ஒரு பல் டாக்டரை, அவர் காரில் ஏறிப் போகும்வரை வைது தீர்த்தேன். நடீனை வைய வாய் வரவில்லை. வெர்ன் இறந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. பிடியின் ஆணி இடுக்கில் மான் ரத்தம் காய்ந்திருந்ததாம், அவன் கத்தி அழுக்காகக் கிடக்கக் கூடாதென்று போட்டாளாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்டோபர்ல வேட்டைக்கு உங்க கும்பலோட நானும் மலைக்கு வர்றேன். சமைச்சுப்போட இல்ல, மான் சுட. அதுக்குள்ள வேற கட்டை போட்டுக் குடு."

அந்தக் கத்தியைச் செய்ததே நான்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன் அவர்கள் கல்யாணத்துக்கு என் பரிசு. இந்த ஊரின் ஒரே சினிமாக் கொட்டகையில் அவள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே எனக்கு அவள்மேல் ஆசை. சொல்வதற்கு நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெர்ன் நேரமெல்லாம் பார்க்கவில்லை. அவன் என் சிநேகிதன், நல்லவன். அதனால் வாயை மூடிக்கொண்டு கத்தி செய்து கொடுத்தேன். அவன் இடது கைக்காரன், அவன் கைக்கு ஏற்றபடிதான் பிடியை இழைத்தேன். அவள் மலைக்கு வருகிறேன் என்றதும், இந்த வயதிலும், அக்டோபருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

கட்டைகளை ஜோடி ஜோடியாக மேசையில் பரப்பினேன். ஒரே துண்டை நடுவில் அறுத்துப் புத்தகம் விரித்தாற்போல் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே ரேகை ஓடும். மேப்பிள் மரம், எல்க் மான் கொம்பு, வால்நட். மெருகேற்றினால் என்ன நிறம் வரும் என்று காட்ட, நாக்கில் விரலைத் தொட்டு ஒவ்வொன்றிலும் தேய்த்தேன். கத்திக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"அத்தனையிலயும் உன் எச்சிலா? எதுல படலையோ அதக் குடு."

"அப்படி ஒண்ணு இந்தக் கடையிலயே கிடையாது."

சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எடுத்து எடுத்து வைத்தாளே தவிர எதிலும் மனம் நிற்கவில்லை. கடைசியில் "நீயே பாத்துப் போடு" என்றாள். பன்னிரண்டு வருடமாக உத்தரத்தில் காயவைத்திருந்த மலை மகோகனியை இறக்கினேன். நல்ல செம்பழுப்பு. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. பிறகு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு அவள் வலது கையை அதில் வைக்கச் சொன்னேன். அளவுக்காகத்தான். பென்சில் அவள் விரல் இடுக்குகளில் ஏறி இறங்கியது. அவ்வளவு நேரம் அவள் கை என் மேசையில் இருந்ததே இல்லை. ஒரு நிமிட வேலையை நான் மூன்று நிமிடம் செய்தேன்.

பழைய கட்டைகளைச் சூடுகாட்டிப் பதமாகக் கழற்றி, அவற்றை வைத்தே புதியதற்கு விளிம்பு வரைந்தேன். மிச்சமெல்லாம் அந்தத் தாளைப் பார்த்து. ஒரு வாரம் உப்புத்தாளும் கையுமாக இருந்தேன். பசை போடாமல் பித்தளை ஆணியை மட்டும் செருகி வைத்து, அவளைக் கூப்பிட்டேன்.

பிடித்துப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என் கையோடவே பொறந்த மாதிரி இருக்கு, டெல்மர்." என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போது கேட்டாள், "பழசு எங்க?"

காப்பி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வலது பக்கக் கட்டை முழுசாக இருந்தது. வெர்னின் இடது கட்டைவிரல் வருடக்கணக்காக அழுந்தி அழுந்தி அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நடீன் அதில் தன் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"புதுசுல இந்த மாதிரி வருமா?"

"வரும். நீயும் இருபத்தஞ்சு வருஷம் மான் அறுக்கணும்."

"எனக்கு இப்பவே அம்பத்தெட்டு." கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதையே ஒட்ட முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மரம் கோணிவிட்டது, பசை நிற்காது என்று ஒரு வார்த்தை போதும். இந்த ஊரில் என் பேச்சை மறுத்துச் சொல்ல வேறு கத்திக்காரன் இல்லை. மலையில் எங்கள் வேட்டைக் கூடாரத்தில் அவள் நான் இழைத்த கத்திப்பிடியோடு நிற்பதை ஒரு வாரமாக மனதில் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பொய் நாக்குநுனி வரை வந்தது.

"ஒட்டலாம்," என்றேன். "பிளந்த எடத்துல கறுப்பா கோடு தெரியும்."

"தெரியட்டும்."

"உன் வலது கைக்குச் சேராது. வழுக்கும்."

"இடது கையால புடிச்சுப் பழகிக்கிறேன். பள்ளத்துல விரல வச்சா அவன் கையையே புடிச்ச மாதிரி இருக்கு." பிறகு மகோகனியைப் பார்த்து, "இவ்ளோ அழகா செஞ்சிருக்க. கோவமா?"

"திரும்ப மெஷின்ல போடு, அப்ப வரும் கோவம்."

புதிய கட்டைகளைக் கழற்றிவிட்டு, பிளவில் பசை ஊற்றி, பழைய துளைகளிலேயே ஆணி அடித்து, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறுநாள் வந்து வாங்கிப்போனாள். போகும்போதே இடது கையில்தான் பிடித்திருந்தாள்.

மகோகனி ஜோடி மேசையில் கிடந்தது. போட்ட ஆணித்துளை இடம் மாறாது, அதனால் வேறு கத்திக்கு ஆகாது. இரண்டையும் சேர்த்து என் கைக்குள் வைத்தேன். அவளுடைய சின்ன விரல்களுக்காக இழைத்த வளைவுகளில் என் தடித்த விரல்கள் பாதிதான் இறங்கின. இறங்கிய மட்டும் மடக்கிப் பிடித்தேன். நடுவில் இரும்பு இல்லாததால் உள்ளே இரண்டு கட்டைகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.