ஷெல்பி சுட்ட கரடி

அந்தக் கரடித் தோலை ஷெல்பியே கொண்டுவந்தாள். சேற்றில் குளித்த பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து, உப்புப் போட்டுச் சுருட்டி வைத்திருந்த மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்வினின் பட்டறைக்குள் நுழைந்தாள். கத்தி தீட்டிக்கொண்டிருந்த மார்னா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் மறுபடி குனிந்துகொண்டாள்.

அலாஸ்காவின் அந்தக் கடலோரச் சிற்றூரில் யாரும் யாரையும் தவிர்க்க முடியாது. கடை ஒன்று, தபால் நிலையம் ஒன்று, தோலைப் பாடம் பண்ணும் பட்டறையும் ஒன்றுதான். சக்களத்தி என்று ஷெல்பியைச் சொல்ல முடியாது. வெண்டலும் மார்னாவும் முறையாகப் பிரிந்த பிறகுதான் அவள் அவனுக்கு மனைவியாக வந்தாள். ஆனால் வயிறு எரிவதற்கு முறை ஏது?

"விரிப்பா பண்ணணும். தலையோட, நாலு பாதத்தோட" என்றாள் ஷெல்பி.

எல்வின் தோலை மேசையில் உருட்டி விரித்தார். செம்பழுப்பு மயிர், அடர்த்தியாக, ஈரத்தில் மின்னியது. "அடேயப்பா! வெண்டலுக்கு இந்த வருஷம் நல்ல அதிர்ஷ்டம் போலயே?"

"வெண்டல் இல்ல. நான் சுட்டது."

மார்னாவின் கையில் கத்தி நின்றது.

எத்தனை இலையுதிர் காலம் அவள் வெண்டலோடு காட்டுக்குப் போயிருக்கிறாள்! கூடாரம் சுமந்தாள், கஞ்சி காய்ச்சினாள், பைனாகுலரில் மலைச்சரிவைத் துழாவிக் கரடியைக் கண்டுபிடித்துக் காட்டினாள். துப்பாக்கி மட்டும் அவன் தோளை விட்டு இறங்கியதே இல்லை. "நீ ஆடாம அசையாம உக்காரு, அது போதும்" என்பான்.

ஷெல்பி போனதும் எல்வின் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மார்னா, இந்தப் பாதத்தை வேணும்னா நானே பாத்துக்கறேன்."

"எதுக்கு? தலை உங்க வேலை, பாதம் என் வேலை. கரடி யாருதா இருந்தா எனக்கென்ன?"

எனக்கென்ன என்று சொன்னவள், மேசை முன்னால் உட்கார்ந்ததும் முதலில் தேடியது குண்டு துளைத்த இடத்தைத்தான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரே ஓட்டை. நடுங்காத கை. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பாத வேலைக்குப் பொறுமை வேண்டும். காட்டில் உரிப்பவர்கள் பாதத்துக்குள் எலும்பையும் சதையையும் அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். மார்னா உள்ளங்காலின் கருந்தோலை மூன்று பக்கம் கீறி மடல்போலத் திறந்தாள். ஒவ்வொரு விரலையும் கையுறையின் விரலைப் புரட்டுவதுபோல் உள்வெளியாகப் புரட்டி, நகத்தை ஒட்டிய கடைசிக் கணு வரை போய், அங்கே எலும்பை வெட்டினாள். நகமும் அந்தத் துணுக்கெலும்பும் மட்டும் தோலோடு நின்றன. கருந்தோலின் அடியில் மெத்தைபோல இருந்த கொழுப்பைச் சுரண்டி எடுத்து, சந்துபொந்தெல்லாம் உப்பைத் திணித்தாள்.

பின்னங்காலின் சுண்டுவிரலுக்கு வந்தபோது கத்தி தானாக நின்றது. இந்த ஒரு விரலைப் புரட்டாமல் விட்டால் போதும். உப்பு உள்ளே இறங்காது. சதை அழுகும். வெளியூரில் பதனிட்டுத் திரும்பும்போது மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, எலிவால் மாதிரி மொட்டை விரல் நிற்கும். ஷெல்பியின் வரவேற்பறையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

கொஞ்ச நேரம் அந்த நினைப்பு அவளுக்குத் தேனாக இனித்தது. அப்புறம் வெண்டலின் குரல் காதில் கேட்டது. 'பாவம், மார்னாவுக்கு இன்னும் ஆறல.' ஷெல்பி அதைக் கேட்டு இரக்கத்தோடு தலையாட்டுவாள். அந்த இரக்கத்தை நினைத்ததும் மார்னாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. சுண்டுவிரலை மற்றவற்றைவிடச் சுத்தமாகப் புரட்டி எடுத்தாள்.

தோல் பதனிட வெளியூர் போய், குளிர்காலம் முடியும் சமயம் மெத்தென்று திரும்பி வந்தது. மார்னா அதை நனைத்துப் பலகையில் இழுத்து ஆணியடித்தாள். உள்ளங்காலுக்குள் களிமண்ணை அப்பித் தைத்து, நகத்தடியில் சிட்டிகை சிட்டிகையாகத் திணித்து, விரல்கள் விரிந்து நிற்கும்படி குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது வெண்டல் வந்தான். எல்வின் சாப்பிடப் போயிருந்தார்.

"ஒரே குண்டு, மார்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். கை ஆடலையே அவளுக்கு!"

"பாத்தேன்."

"பாதம் நல்லா வந்திருக்கு."

அவள் ஒரு குண்டூசியைத் தேவைக்கு மேல் ஆழமாகக் குத்தினாள். "ஒண்ணு கேக்கறேன் வெண்டல். என்னை ஏன் ஒரு தடவைகூடச் சுட விடல?"

அவன் உண்மையாகவே திகைத்தான். "நீ கேக்கவே இல்லையே. அவ கேட்டா."

"கேட்டேன். ஆத்து வளைவுல, அந்தப் பெரிய ஆண் கரடி எதிர்க்கரையில வந்து நின்னப்போ, துப்பாக்கிக்குக் கையை நீட்டினேன்."

"அப்புறம்?"

"நீ காபிக் கோப்பையைக் கையில கொடுத்தே."

வெண்டல் யோசித்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான்.

"எனக்கு இருக்கு. விரிப்பு அடுத்த வாரம் ரெடியாகும். அவளையே வந்து எடுத்துக்கச் சொல்லு."

அவன் போன பிறகும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. அவன்மேல் பாதி. வாயைத் திறந்து கேட்ட அந்தச் சின்னவள்மேல் மீதி. இரண்டே சொல். 'நான் சுடறேன்' என்று சொல்ல ஷெல்பிக்கு எங்கிருந்து நாக்கு வந்தது? தனக்கு ஏன் கை மட்டும் நீண்டது?

அந்த வசந்தத்தில் மார்னா வேட்டைக்கு உரிமச் சீட்டு வாங்கினாள். எல்வினின் அக்கா கெர்ட்டாவிடம் படகும் இருந்தது, ஒரு துப்பாக்கியும் இருந்தது. "என்னடி திடீர்னு?" என்று கெர்ட்டா கேட்டதற்கு, "நான் சுடணும்" என்று மட்டும் சொன்னாள். வாய்விட்டுச் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே அழுகை முட்டியது. இருவரும் விரிகுடா ஓரமாகப் போய்க் காத்திருந்தார்கள். மழை கொட்டியது. புல் மேய வந்த ஒரு கருங்கரடியை இரண்டு குண்டில் வீழ்த்தினாள். பெரிய கரடி அல்ல. கெர்ட்டா அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். மார்னாவோ, கட்டிப்பிடித்த கைகளுக்குள்ளேயே, ரெண்டாவது குண்டு எதற்குத் தேவைப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி ஊரெல்லாம் பரவிற்று. அவள் தன் கரடியின் பாதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஷெல்பி பட்டறைக்கு வந்தாள். கையில் சூடான ப்ளூபெர்ரி கேக்.

"வாழ்த்துக்கள், மார்னா. நீங்களே சுட்டீங்களாமே!"

"ஆமா. உன்னோடதுல பாதிகூட இருக்காது."

"அதனால என்ன?" ஷெல்பி குனிந்து, பளபளத்த கருமயிரைத் தடவினாள். தடவிய கை அங்கேயே நின்றது. "பொம்பளைங்க ரெண்டு பேர் மட்டுமே போனீங்களாமே. நான் சுடறப்போ வெண்டல் என் காதுக்குள்ளயே பேசிட்டிருந்தார். மூச்சை இழு, மூச்சை விடுன்னு. அடுத்த தடவை போறப்போ சொல்லுங்க, நானும் வரேன்."

அவள் முகத்தில் இருந்த ஏக்கம் மார்னாவுக்கு நன்றாகத் தெரிந்த ஏக்கம். இரக்கப்பட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

"படகுல ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்றாள்.

படகில் தாராளமாக நாலு பேர் போகலாம். ஷெல்பி தலையாட்டிவிட்டுப் போனாள். மார்னா கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தக் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி, நின்றபடியே ருசித்துத் தின்றாள்.