முதல் செய்தி

தேசிய வானொலியில் முதல் செய்தி எப்போதும் தலைவருடையதுதான். எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. அந்த வழக்கம் மட்டும் இம்மியும் அசையவில்லை. தலைவர் ஒன்றும் செய்யாத நாளில்கூட யாருக்காவது வாழ்த்துச் சொல்லியிருப்பார். செய்தி வாசிப்பவளின் சொந்தத் தங்கையே, "முதல் வரியக் கேட்டதும் ரேடியோவ நிறுத்திடுவேன்க்கா. தலைவர் நல்லா இருக்காருன்னு தெரிஞ்சா போதாதா?" என்று கிண்டலடிப்பாள்.

அன்று மதியச் செய்தியில் முதல் தாள், தலைவர் மலர்க் கண்காட்சியைத் திறந்துவைத்தது. கடைசித் தாளில் நான்கே வரிகள்: குடிநீர்க் குழாயில் ஆலைக் கழிவு கலந்துவிட்டது, யாரும் குடிக்க வேண்டாம்.

அவள் அந்தத் தாளைச் செய்தி ஆசிரியரிடம் நீட்டினாள். "சார், தண்ணிய முன்னாடி போடுங்க. பாதிப் பேரு கடைசிவரைக்கும் கேக்கவே மாட்டாங்க."

ஆசிரியருக்கு அலுவலகத்தில் 'கமா' என்று பட்டப்பெயர். மேலிருந்து வரும் செய்தியில் கமாவைத் தவிர எதையும் அவர் தொட்டதில்லை. "நம்ம ரெண்டு பேரு வேலைக்கும் உலை வெச்சிடாதீங்கம்மா," என்றார்.

காகிதச் சத்தம் மைக்கில் விழக்கூடாதென்று வாசிக்கும் தாள்களை யாரும் சேர்த்துப் பின் குத்துவதில்லை. அந்த வழக்கம் கைகொடுத்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் அடித்தாளை உருவி மேலே வைத்தாள்.

"குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமாவின் முகம் வெளுத்தது. ஒலியைத் துண்டிக்கும் சுவிட்சின்மேல் அவர் விரல் இருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தபடியே அவள் வாசித்தாள். விரல் அழுத்தவில்லை. நான்கு வரிகளையும் முடித்த பிறகுதான் தலைவரை மலர்களுக்கு நடுவே அனுப்பினாள்.

அவள் வெளியே வருவதற்குள் அமைச்சகத்திலிருந்து தொலைபேசி. அந்த அழைப்பைக் கமா எப்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"ஆமாங்க. வரிசைய மாத்தினது... நான்தாங்க."

மறுமுனையில் கத்தல். கமா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "இல்லீங்க, கைதவறி நடக்கல. தெரிஞ்சுதான் செஞ்சோம்."

அடுத்த அழைப்பு தங்கையுடையது. "அக்கா, டம்ளர் குழந்தை வாய்கிட்ட இருந்துச்சு. உன் முதல் வரியக் கேட்டு அப்படியே தட்டிவிட்டேன்." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வந்தது. கமா அதில் இரண்டு கமாக்களைத் திருத்தி ஓரமாக வைத்திருந்தார். மதியச் செய்தித் தாள்கள் மேசை முழுக்கப் பரப்பிக் கிடந்தன.

"தலைவர் இன்னைக்கு ஒரு பாலத்தப் பாத்தாராம்," என்றார். "உக்காருங்க. எது முதல்ல போகணும்னு ரெண்டு பேருமா பாப்போம்."